உருகாத இரும்பும் உருக்கும்

புதுச்சேரியை அடுத்த முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஈமக்காடுகளைக் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தார். அவரும் துணைவியாரும் எழுதிய நூல் 1956-இல் பாரிசில் வெளிவந்தது. அத்தகைய ஈமக்குழிகளில் கிட்டும் இரும்புக் கருவிகளை 'உருக்கி வார்த்தவை' என்று எழுதுவார் உளர். அது பொருந்தாது.

இரும்பு உருக 1538 பாகை செண்டிகிரேடு வெம்மை வேண்டும். துருத்தி ஊதிய பண்டை உலையோ ஏறத்தாழ 1200 பாகை அளவிற்றே. ஆங்குக் கசடு உருகும். இரும்பு உருகாது, கடற்பஞ்சு போன்ற கட்டியாய் நிற்கும். அதனைக் காய்ச்சிக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்குங்கால் கசடு வெளியேறத் துகள்கள் ஒன்றோடொன்று பற்றும். உலோகத் தூளை அழுத்தி, உருகுநிலைக்குக் கீழே சூடேற்றி இணைக்கும் இற்றைத் தொழிலும் இந்நெறியினதே. வொல்லாஸ்டன் பிளாட்டினத் தூளை இவ்வாறு இணைத்த முறை 1829-இல் அச்சேறியது. இடரும் ஏறத்தாழ ஒன்றே: துகள்மேற் படியும் ஆக்சைடுப் படலம் இணைப்பைத் தடுக்கும்; எஞ்சும் நுண்துளை வலிமையைக் குறைக்கும். நம் கொல்லர்க்குக் கசடு வேறு மிகை.

'உருக்கு' என்னும் சொல் இவ்விடத்துக் கருதத்தக்கது. மூசையுள் இரும்பைக் கரிப்பொருளுடன் அடைத்துக் காய்ச்சின், கரி ஏற ஏற உருகுநிலை தாழும். அவ்வாறு மெய்யாகவே உருகியதே உருக்கு. 'இரும்பு', 'உருக்கு' இரண்டையும் ஒருபொருட் கிளவியாக்கும் உரைகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. கன்னடத்து 'உக்கு' இதன் இனச்சொல். ஆங்கிலத்து 'ஊட்ஸ்' அதன் திரிபு என்பர்.