சொத்தைக் கத்தரிக்காயும் இரண்டு கடைகளும்

விடிந்தும் விடியாமல் உழவர் சந்தைக்குப் போனால் கத்தரிக்காய்க் குவியலைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ஊசிமுனை அளவு துளை தெரிந்தாலும் குவியலிலேயே போட்டுவிடுவார்கள். எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் அந்த வேலை இல்லை. நமக்கு முன்பே யாரோ பொறுக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டில் ஆறு கத்தரிக்காயும் ஒரே அளவு, ஒரே மினுமினுப்பு.

உழவர் சந்தை 1999இல் மதுரையில் தொடங்கியது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத் தானே கொண்டுவந்து, பலகையில் எழுதிய விலைக்கு விற்கிறார். முந்தின நாள் மாலை பறித்த காய் மறுநாள் காலையில் விற்றுவிடும். குளிர்பதன அறை தேவையில்லை, வாங்குபவர் கையில் பை இருக்கும். சூப்பர் மார்க்கெட் காயோ கொள்முதல் மையத்தில் தரம் பிரிந்து, லாரி ஏறி, குளிரூட்டிய அடுக்குக்கு வந்து சேர்கிறது. வழி நெடுக டீசலும் மின்சாரமும் செலவு. ஒன்றை மட்டும் அவர்கள் பக்கம் சொல்ல வேண்டும். சாக்கில் திணித்த தக்காளி நசுங்கும், கிரேட்டில் அடுக்கியது அவ்வளவு நசுங்காது.

இதோடு நிறுத்தினால் உழவர் சந்தைக்கே மாலை போட்டுவிடலாம். கத்தரிக்காய் அப்படி நிறுத்த விடாது.

காய்த்துளைப்பான் என்ற புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். புகுந்த துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மேலே என்ன மருந்து அடித்தாலும் உள்ளே எட்டாது. ஆகவே புழு புகுவதற்கு முன்பே அடிக்க வேண்டும், விடாமல் அடிக்க வேண்டும். வாரம் தவறாமல் மருந்து அடிப்பவர்கள் உண்டு, பறிப்பதற்கு முந்தின நாள்கூட அடிப்பவர்களும் உண்டு. அந்த மருந்து புழுவோடு நிற்பதில்லை. புழுவைத் தின்னும் பூச்சிகளையும் தேனீக்களையும் கொல்கிறது, மழையில் வாய்க்காலுக்கு இறங்குகிறது. இந்தப் புழுவுக்காகவே உருவாக்கிய மரபணு மாற்றுக் கத்தரியை மத்திய அரசு 2010இல் நிறுத்தி வைத்தது. வாடிய குருத்தை வாராவாரம் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என்று மாற்று வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கையாண்டாலும் நாலு காய் சொத்தையாகத்தான் வரும். அந்த நாலு காயை இரண்டு கடையிலும் யாரும் தொடுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்காரர் கொள்முதல் வாசலிலேயே கழித்துவிடுகிறார், உழவர் சந்தையில் நாம் கழிக்கிறோம். தோட்டத்தில் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறுபாடு தெரிவது கழித்த காய் போகும் இடத்தில். சந்தையில் வெயில் ஏறியதும் மிச்சக் காயைக் கூறு கட்டி, கூறு இவ்வளவு என்று தள்ளிவிடுவார்கள். வளைந்தது, வெம்பியது, சின்னது எல்லாம் யார் வீட்டுக் குழம்புக்காவது போய்ச் சேரும். அடுக்கில் வைத்து விற்கும் கடையில் கூறு கட்டும் வழக்கம் கிடையாது. என் பார்வையில் உழவர் சந்தையின் உண்மையான பெருமை, தூரம் குறைவதைவிட, இந்தக் கூறுதான்.

வீணாவதில் பெரும்பங்கு கடைக்காரருடையது என்று நினைத்திருந்தேன். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை அந்த எண்ணத்தை மாற்றியது. 2022இல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். அதில் சில்லறைக் கடைகளின் பங்கு 12 சதவீதம், வீடுகளின் பங்கு 60 சதவீதம். தட்டில் வந்த ஆறு கத்தரிக்காயில் நாலு சமைத்து, இரண்டு ஃபிரிட்ஜில் சுருங்கிக் கிடக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

எந்தக் கடைக்குப் போனாலும் வேண்டிய அளவு மட்டும் எடையில் வாங்குங்கள். துளை விழுந்த காய் ஒன்றிரண்டு கையில் வந்தால் திரும்பப் போடாதீர்கள். சொத்தையை அரிந்து எறிந்தால் மிச்சம் முக்கால் காய் குழம்புக்கு ஆகும்.