சிக்கரி, நெப்போலியன், கொஞ்சம் கால்சியம்

பாண்டிச்சேரியில் காபி பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "சிக்கரி பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்து குடுத்தது." கேட்க நல்லாத்தான் இருக்கு. வருஷங்களை வரிசையா வச்சுப் பார்த்தா கொஞ்சம் இடிக்குது.

1806-இல் நெப்போலியன் ஆங்கிலேயச் சரக்குக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை மூடினார். ஆங்கிலேயக் கப்பற்படை பதிலுக்குக் கடலை அடைத்தது. பிரான்சில் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு. சிக்கரி வேரை வறுத்துக் கலக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தாலும், வீட்டுக்கு வீடு பரவியது அப்போதுதான். சரி, அந்த நேரத்தில் புதுச்சேரி யார் கையில்? 1793-இல் ஆங்கிலேயர் பிடித்த ஊர் இது. பாரிஸ் உடன்படிக்கை முடிந்து 1816-இல்தான் திரும்பக் கிடைத்தது. பிரான்ஸ் சிக்கரிக்குப் பழகிய வருடங்களில் இங்கே பறந்தது ஆங்கிலேயக் கொடி!

லண்டனும் சிக்கரியில் சளைத்ததில்லை. 1850-களில் ஆர்தர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் கடைக் காபித்தூளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கலப்படத்தை ஊரறியச் சொன்னார். அதில் முக்கியமான ஆசாமி சிக்கரி. நம்ம வாயில் வருவதும் 'சிக்கரி'தான், பிரெஞ்சு 'ஷிக்கொரே' இல்லை. சொல் வந்த வழியாகவே சரக்கும் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இதையெல்லாம் நான் தோண்டியதற்குக் காரணம் என் சித்தி. அறுபது தாண்டியவர், எலும்பு அடர்த்தி குறைவு. 'சிக்கரி கால்சியத்தை உடம்பில் சேர்க்கும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, "காபியிலேயே கெடைக்குதாமே, மாத்திரை எதுக்குடா?" என்றார்.

அந்த ஃபார்வர்டு முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். சிக்கரி வேரில் இனுலின் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. 1804-இல் ஜெர்மானியரான வாலன்டின் ரோஸ் வேறொரு செடியின் வேரில் கண்டுபிடித்தது. ஃப்ரக்டோஸ் மணிகளை வரிசையாகக் கோத்த மாதிரி அமைப்பு. அந்த முடிச்சை அவிழ்க்கும் என்சைம் நம் சிறுகுடலில் கிடையாது. அதனால் ஜீரணமாகாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை நொதிக்க வைத்து அமிலங்களை உண்டாக்க, பெருங்குடலில் புளிப்பு கூடுகிறது. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் வந்த கால்சியத்தில் ஒரு பகுதி அந்தப் புளிப்பில் கரைகிறது. கரைந்தால்தானே உள்ளே போக முடியும். வாயுத் தொல்லை இதன் உபரி.

1997-இல் பிரான்சில் கூத்ரே குழுவினர் ஒன்பது இளைஞர்களுக்கு இனுலின் கொடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் உறிஞ்சுவது தெளிவாகக் கூடியது. இரும்பு, துத்தநாகம், மெக்னீசியத்தில் மாற்றமில்லை. ஆனால் கொடுத்த அளவு நாளுக்கு 40 கிராம் வரை! 2005-இல் அமெரிக்காவில் ஏப்ரம்ஸ் குழு வளரும் பிள்ளைகளுக்கு இதே வகைச் சர்க்கரையைத் தினம் 8 கிராம் வீதம் ஒரு வருடம் கொடுத்தது. எலும்பில் தாது கூடியது. வளரும் வயசு என்பதைக் கவனிக்கணும், சித்தி வயசு இல்லை.

இப்ப டம்ளர் கணக்கு. ஒரு காபிக்கு 10 கிராம் தூள், அதில் 40 சதவீதம் சிக்கரி என்று வைப்போம். 4 கிராம். அதில் பாதிக்கு மேல் இனுலின், வறுக்கும்போது ஒன்றுமே போகவில்லை என்று தாராளமாக வைத்தாலும் இரண்டு, இரண்டரை கிராம். நிஜத்தில் வறுக்கும் சூட்டில் நிறையவே சிதைந்துவிடும். அதே டம்ளரில் ஊற்றும் 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காபியில் எலும்புக்கு உருப்படியாக ஏதாவது இருக்கிறதென்றால் அது பால்தான். இனுலின் வகைச் சர்க்கரை வேண்டுமென்றால் பூண்டுக் குழம்பும் சின்ன வெங்காய சாம்பாரும் பரவாயில்லை.

இரும்பு விஷயத்தில் காபி நமக்கு எதிரி. 1983-இல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சுவது 39 சதவீதம் குறைந்தது. டீ என்றால் 64. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபி அதே அளவு கெடுத்தது. ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பாதிப்பில்லை.

சித்தியிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். மாத்திரை தொடர்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் குடிக்கும் காபியை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.