பேர் தேய்ந்த குடம்

என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாட்களில் நிலத்துக்காரரின் அனுமதியோடு, உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு படம் அனுப்பினாள். அவள் உள்ளங்கையில் மண் அப்பிய, பச்சைக் களிம்பேறிய சிறு பித்தளைப் பொருள். ஊசி குத்தாமலிருக்கத் தைப்பவர்கள் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான். “எல்லாரும் நாணயம்தான் தேடுறாங்க மேடம். இதைப் பழைய சாமானோட வீசிடுறாங்க. புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துடுமா?”

‘தேய்த்துப் பார்’ என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். எங்கள் வீட்டுக் குடம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பத்தா சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் அவருடைய அம்மாவின் பேர் வெட்டியிருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் புளியும் செங்கல் பொடியும் வைத்து அதைத் தேய்ப்பது என் வேலை. பளிச்சென்று தேய்த்தால் ‘பொறுப்பான பொண்ணு’ என்று பேர் கிடைக்கும். அப்பத்தா போன பிறகு ஒருநாள் குடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சுழியும் ஒரு புள்ளியும்தான் மிச்சம். அந்தப் பேர் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை, சொல்லவும் ஆளில்லை.

அதனால் அவளுக்கு இப்படி எழுதினேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புகள் களிம்பைக் கரைப்பதோடு நிற்பதில்லை, துத்தநாகத்தையும் இழுத்துவிடும். செம்பின் இளஞ்சிவப்பு திட்டுத்திட்டாக வெளியே வரும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த பொருளுக்கு அந்தக் களிம்புதான் மேல்தோல். செய்தவரின் கருவித் தடமும் முத்திரையும் பெரும்பாலும் அதில்தான் நிற்கின்றன. மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிடு. போகாவிட்டால் காய்ச்சி வடித்த நீர் சில சொட்டு. பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வை. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் உப்பும் ஈரமும் உலோகத்தைத் தின்கின்றன என்று பொருள். அருங்காட்சியக வல்லுநரிடம் காட்டு. கிடைத்த இடத்தைக் குறித்து வை.

காலத்தை அறியக் குழிகளைப் பார்க்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாகக் குத்திய குழிகள் வரிசை பிசகியிருக்கும்; உச்சியில் மட்டும் குழியில்லாமல் வழுவழுப்பாக இருந்தால் இடைக்காலத்தது என்று எண்ண இடமுண்டு. 1690களில் ஜான் லோஃப்டிங் என்ற டச்சுக்காரர் இங்கிலாந்தில் இயந்திரம் வைத்து அங்குஸ்தான் செய்யக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு சீரான குழிகள் பரவின. மாணவியின் அங்குஸ்தானில் குழிகள் சீராக இருந்தன. ஆனால் அவள் சுண்டுவிரல்கூட அதில் நுழையவில்லை. ஒரு சிறுமியின் விரலுக்குச் செய்தது.

வயலுக்கு அது எப்படி வந்தது? வீட்டைப் பெருக்கிய குப்பை எருக்குழிக்குப் போகும். எரு வயலுக்குப் போகும். தைத்த இடத்தில் விழுந்து, விளக்குமாற்றோடு போயிருக்கலாம்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் முதன்மையாகப் பொன்னையும் வெள்ளியையும் பற்றிப் பேசுகிறது. தனியாகக் கிடைக்கும் பித்தளை அங்குஸ்தானைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. 1997இல் தொடங்கிய கையடக்கத் தொல்பொருள் திட்டம், மக்கள் தாமாகக் கொண்டுவருவதைப் பதிவு செய்கிறது. இதுவரை 15 லட்சம் பொருட்களுக்கு மேல். அங்கும் பொதுவாக 300 ஆண்டுக்கு முந்தியவற்றுக்கே முன்னுரிமை. இந்தச் சிறுமி அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது குழிகளைப் பார்ப்பவரின் தீர்ப்பு. வரலாற்றிலிருந்து பெண்களை யாரோ திட்டமிட்டு வெளியே தள்ளினார்கள் என்றே வகுப்பில் பேசிவந்திருக்கிறேன். ‘இதெல்லாம் எதற்கு’ என்ற அலட்சியமும், ‘சுத்தமாக வை’ என்ற பழக்கமும் அதே வேலையைச் செய்கின்றன. இரண்டாவதை என் கையே செய்திருக்கிறது.

தூரிகை போட்ட பிறகு அடுத்த படம் வந்தது. நுனியில் ஒரு பக்கம் மட்டும் குழிகள் மழுங்கியிருந்தன. ஊசியின் தலையை அந்தச் சிறுமி தள்ளித் தள்ளித் தேய்ந்த இடம். தேய்த்திருந்தால் எல்லாப் பக்கமும் ஒன்றாகியிருக்கும்.

எங்கள் குடத்தை இப்போது உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கிறேன். கறுத்துப் போயிருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் அந்தச் சுழியையும் புள்ளியையும் காட்டுகிறேன்.