புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

உடலுழைப்பு உள்ளவனை நோய் அணுகாது என்பது பொதுவான நம்பிக்கை. 1900-ஆம் ஆண்டையொட்டி மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களில் அந்நம்பிக்கை பொய்த்தது. காலை முதல் மாலை வரை மண் சுமந்த கட்டிளஞ் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, உணர்வு மரத்து, நடை தளர்ந்து, இறுதியில் இதயம் ஓய்ந்து மாண்டனர். அதுவே பெரிபெரி நோய்.

அதே வெயிலில் இரயில் பாதையிலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்று இதற்குப் பொருளன்று. மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆயினும் பெரிபெரி மட்டும் ஏன் ஒதுங்கிச் சென்றது?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த டாக்டர் பிராடன் இதனை ஊன்றி நோக்கினார். மூவினத்தாருக்கும் சோறே உணவு, அரிசிதான் வேறு. சீனர் உண்டது ஆலையில் தீட்டி, சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயல் நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டது, வாடை வீசுகிறது என்று பிறர் முகஞ்சுளிக்கும் புழுங்கலரிசி. 1907-இல் பிராடன் இதனைப் பெருநூலாகவே வெளியிட்டார். காரணம் கூறும்போது மட்டும் வழுவினார். நாட்பட்ட வெள்ளையரிசியில் நஞ்சு தோன்றுகிறது என்று கருதினார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் 1905-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படையினர் ஒரு பிரிவு, இரட்டைப்படையினர் மறு பிரிவு என வகுத்தார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுற்றோர் இருவரே. அவ்விருவரும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். இறந்தவர் எவருமிலர். தம் நிலையறியாத மனிதரை இவ்வாறு சோதிப்பதை இன்று எந்த மருத்துவ அவையும் ஏற்காது. அந்தப் பதினெண்மரையும் நினைவிற்கொண்டே இக்கணக்கைப் படிக்கவேண்டும்.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் ஜெலுபுப் பகுதிக் காட்டில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதனை ஆராய்ந்தனர். அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. நஞ்சு எதுவுமில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று கழிந்துபோகிறது என்று அவர்களின் ஆய்வு காட்டிற்று. 1910-இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை மருத்துவர் மாநாடு, வெள்ளையரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஒப்புக்கொண்டது. 1926-இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்ட அப்பொருளையே வைட்டமின் பி1 என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி மணிக்குள் இறங்கி ஊன்றிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. நம் முன்னோர் வைட்டமினை அறிந்தே நெல்லை அவித்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசியும் நெடுநாள் கெடாது. இவையே அவர்கள் கண்ட பயன்.

இச்சத்து நீரில் கரைவது. அரிசியைப் பன்முறை கழுவி, நிறைய நீரில் வேகவைத்து, கஞ்சியைக் கொட்டிவிட்டால் புழுங்கலரிசியிலும் கணிசமான பகுதி போய்விடும். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடித்த தோட்டப்புறத்து மூதாட்டிகள் அதிற் சிறிது மீட்டுக்கொண்டனர்.