வேடந்தாங்கலில் யாரைக் கேட்பது?

வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். எனினும் அவ்வூரைப் பற்றி அதிகம் பேசப்படும் பழைய செய்தி வேட்டைக்கு எதிரானது. ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட்டனர். 1790களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு அவர்களுக்குக் கௌல் எழுதித் தந்தார். 1858-இல் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

முதுகலை மாணவர்கள் சிலரோடு களப்பணிக்கு அங்கே சென்றபோது, எங்கள் கையில் இருபது கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. ஐந்தாவது கேள்வி: 'பறவைகளை ஏன் காக்கிறீர்கள்?' கேட்டவர் அனைவரும் ஒரே விடை தந்தனர். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு எரு. மாணவர்களுக்கு மகிழ்ச்சி, எனக்கோ ஐயம். விடை பொய்யன்று. ஆனால் சுற்றுலாக் கையேடுகளிலும் அதே விடைதான் அச்சாகியிருக்கிறது. ஊர் சொன்னதைக் கையேடு எழுதியதா, கையேட்டில் உள்ளதை ஊர் நமக்குத் திருப்பிச் சொல்கிறதா? கேள்விப்பட்டியலுக்கு இதைப் பிரித்தறியும் வழி கிடையாது. பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிடலாம் என்பது அதன் வலிமை. நாம் கேட்காததற்கு விடை வராது என்பது அதன் குறை.

இக்குறை புதிதன்று. இச்சீமையின் மிராசு உரிமை பற்றிக் கோட்டை அரசு பதினேழு கேள்விகளை முன்வைத்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ் துரை அவற்றுக்கு எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவும் விடை எழுதினார். பழஞ்சான்றுகளைத் தேடிச் சேர்த்த அந்நூலின் புலமையைக் கண்டு இன்றும் வியக்கிறேன். ஆனால் விடை எழுதியவர்கள் அதிகாரிகள். சேற்றில் இறங்கி உழுதவர் அதில் பேசப்படும் பொருளாக இருக்கிறாரேயன்றிப் பேசுபவராக இல்லை.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1767 முதல் 1774 வரை, பொறியாளர் பர்னார்டு இச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் கணக்கைத் திரட்டினார். அடிப்படை, ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய விவரங்கள். வீடுகள், ஏரிகள், கோயில்கள், மானியங்கள், விளைச்சலில் இன்னாருக்கு இன்ன பங்கு என்பது வரை அவற்றில் உண்டு. எல்லிஸின் நூலில் வாய் திறக்காதவர்கள் இங்கே எண்ணிக்கையாகவாவது வந்துவிடுகிறார்கள். ஓலைக்கு மறதி இல்லை. வந்தவரின் முகம் பார்த்துப் பேச்சை மாற்றுவதும் இல்லை. ஆயினும் கணக்கர் எழுதத் தேவையில்லை என்று கருதியதை அதனிடம் பெற முடியாது. கௌலுக்கும் இது பொருந்தும். முறையிட்ட 'ஊரார்' என்போர் யார்? நிலமுடையவர்கள் மட்டுமா?

ஏரிக்கரை மரத்தடியில் ஒரு குழு உரையாடலும் நடத்தினோம். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுக்க, ஒரு மணி நேரத்தில் குறிப்பேடு நிறைந்தது. கூடிப் பேசுவதன் பெரிய நன்மை இது. பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். எரு என்றபோதும் அசைத்தார். மறுநாள் மாணவி ஒருத்தி பட்டியலை மூடிவைத்துவிட்டு அவரோடு வெறுமனே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது அவர் சொன்னாராம்: "நெலம் இருக்கறவங்களுக்கு எரு. எங்களுக்கு இன்னா? பட்சி எறங்குச்சின்னா அந்த வருசம் ஏரி ரொம்பும். ஏரி ரொம்புனா எங்களுக்கு நடவு வேலை."

காரணம் ஒன்றென்று நாங்கள் எழுதி வைத்திருந்த இடத்தில் இரண்டு நின்றன. நிலமுள்ளவருக்குப் பறவை உரம். நிலமில்லாதவருக்கு அது வேலை வருமென்ற செய்தி. கௌலிலும் பதினேழு கேள்விகளிலும் இந்த இரண்டாவதைத் தேடிப் பயனில்லை.

உடனே மகிழ்ந்துவிடவும் முடியவில்லை. சொன்னவர் ஒருவர். ஒலிப்பதிவு இல்லை, மாணவி மாலையில் விடுதிக்கு வந்து நினைவிலிருந்து எழுதியது. அந்த நான்கு வாக்கியங்களின் கட்டுக்கோப்பில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு தமிழ் படித்த மாணவியுடையது? தனிப்பேச்சு ஆழம் காட்டும். ஆனால் கேட்டவரின் சாயலும் அதில் படிந்துவிடும். கூர்ந்து நோக்கிச் சரிபார்க்கலாமென்றால், நத்தைகுத்தி நாரை கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவருவதை நாள் முழுதும் பார்க்கலாம். அறுபது ஆண்டுக்கு முந்தைய நடவைப் பார்க்க இயலாது.

ஏட்டிலிருந்து ஐந்தாம் கேள்வியை அடித்துவிட்டோம். 'பறவை வந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?' என்பது இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. அடுத்த பருவத்தில் அந்த அம்மாளிடம் மீண்டும் செல்லப்போகிறோம். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் கட்சி. அதை முன்னால் வைத்தால் அவர் மறுபடியும் 'எரு' என்றுதான் சொல்வார் என்கிறாள் மாணவி.