எல் சால்வடோரில் பிட்காயின் வழிப் பணவனுப்பல்

எல் சால்வடோரில் பிட்காயின் வழிப் பணவனுப்பல் என்பது, நடு அமெரிக்க நாடான எல் சால்வடோரில் இருந்து வெளிநாடு சென்று உழைப்போர், கிரிப்டோகரன்சி எனப்படும் மறைநாணயங்களின் மூலம் தாயகத்தில் உள்ள குடும்பத்தினருக்குப் பணம் அனுப்புவதைக் குறிக்கும். 2021 இல் எல் சால்வடோர், பிட்காயினைச் சட்டமுறை நாணயமாக ஏற்ற உலகின் முதல் நாடு ஆனது. பணவனுப்பல் கட்டணத்தைக் குறைப்பது இதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். எனினும் நாட்டுக்கு வரும் பணத்தில் மிகச் சிறிய பங்கே இவ்வழியில் வந்தது.

பின்னணி

1980 முதல் 1992 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரின் போது இலட்சக்கணக்கான சால்வடோரியர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். இவர்களில் பெரும்பாலானோர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினர். போருக்குப் பின்னரும் புலம்பெயர்வு தொடர்ந்தது. இவர்கள் அனுப்பும் பணம் 2021 இல் ஏறத்தாழ 750 கோடி டாலராகவும், 2024 இல் ஏறத்தாழ 848 கோடி டாலராகவும் இருந்தது. இது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆகும். பல குடும்பங்களில் உணவு, மருந்து, பள்ளிச் செலவு ஆகியவை இப்பணத்தையே நம்பியுள்ளன.

எல் சால்வடோர் 2001 இல் தன் நாணயமான கொலோனைக் கைவிட்டு அமெரிக்க டாலரை ஏற்றுக்கொண்டது. எனவே அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நாணயத்தையே பயன்படுத்துகின்றனர். நாணய மாற்றில் ஏற்படும் இழப்பு இங்கு இல்லை.

வழமையான முறை

வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்ற நிறுவனங்களும் வங்கிகளும் இப்பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டு சேர்க்கின்றன. அனுப்புபவர் முகவரிடமோ செயலி வழியாகவோ பணம் செலுத்துவார். பெறுபவர் அடையாள அட்டையையும் குறியெண்ணையும் காட்டி அருகிலுள்ள கிளையில் பணமாகப் பெற்றுக்கொள்வார்.

200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு, அதாவது 12 டாலர், என உலக வங்கியின் தரவுகள் காட்டுகின்றன. இதை 2030 க்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவையின் இலக்குகளுள் ஒன்று. அமெரிக்காவில் இருந்து எல் சால்வடோருக்கு அனுப்பும் செலவு உலகச் சராசரியை விடக் குறைவு என்பது குறிப்பிடத்தக்கது.

பிட்காயின் வழிச் செயற்பாடு

பிட்காயின் வழியாக அனுப்பும் பணம் பொதுவாக நான்கு படிகளைக் கடக்கிறது:

1. அனுப்புபவர் டாலர் செலுத்திப் பிட்காயின் வாங்குகிறார்.
2. அப்பிட்காயின் பெறுபவரின் மின்பணப்பைக்கு மாற்றப்படுகிறது.
3. பெறுபவர் அதனை மீண்டும் டாலராக மாற்றுகிறார்.
4. வங்கிக் கணக்கிலோ தானியங்கி இயந்திரத்திலோ பணத்தைப் பெறுகிறார்.

இவற்றுள் இரண்டாவது படியில் மட்டுமே செலவு பெரிதும் குறைய வாய்ப்பு உள்ளது. பிட்காயினின் முதன்மை வலையமைப்பில் சராசரியாக 10 நிமிடத்திற்கு ஒரு முறை பரிமாற்றங்கள் பதிவாகின்றன. இதன் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்தது அன்று. வலையமைப்பின் நெரிசலைப் பொறுத்தது. 2021 ஏப்ரலில் ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் 50 டாலரையும் தாண்டியது. இக்குறையைப் போக்க அமைந்த லைட்னிங் வலையமைப்பில் சிறு தொகைகள் சில நொடிகளில், மிகக் குறைந்த கட்டணத்தில் சென்றடைகின்றன. ஆனால் முதல், மூன்றாம், நான்காம் படிகளின் செலவு இதனால் நீங்குவதில்லை.

பிட்காயின் சட்டமும் சிவோ செயலியும்

எல் சோன்ட்டே என்னும் கடற்கரைச் சிற்றூரில் 2019 முதல் பிட்காயின் புழக்கத்திற்கான முயற்சி நடைபெற்று வந்தது. 2021 சூனில் குடியரசுத் தலைவர் நயீப் புக்கேலே முன்வைத்த பிட்காயின் சட்டம், 84 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 62 வாக்குகளுடன் நிறைவேறியது. இதனால் ஆண்டுக்கு 40 கோடி டாலர் கட்டணம் மிச்சமாகும் என அவர் கூறினார்.

சட்டம் 2021 செப்டம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் அரசு சிவோ என்னும் மின்பணப்பைச் செயலியை வெளியிட்டது. பதிவு செய்த ஒவ்வொரு குடிமகனுக்கும் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் வழங்கப்பட்டது. நாட்டில் 200 தானியங்கி இயந்திரங்கள் நிறுவப்பட்டன; அமெரிக்க நகரங்களிலும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. பிட்காயினை டாலராக மாற்றித்தர 15 கோடி டாலர் நிதியம் ஒன்றும் உருவாக்கப்பட்டது. முதல் நாளிலேயே செயலி இடையிடையே செயலிழந்தது. தம் அடையாள எண்ணைப் பயன்படுத்தி வேறொருவர் 30 டாலரைப் பெற்றுவிட்டதாகப் பின்னர் பலர் முறையிட்டனர்.

பயன்பாடு

எல் சால்வடோர் மைய வங்கியின் தரவுகளின்படி, மறைநாணயப் பணப்பைகள் வழியாக வந்த பணம் 2022 இல் மொத்தப் பணவனுப்பலில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவும், 2023 இல் ஏறத்தாழ 1 விழுக்காடாகவும் இருந்தது.

அல்வாரெசு, அர்ஹென்டே, வான் பேட்டன் ஆகிய பொருளியலாளர்கள் 2022 பெப்ரவரியில் 1,800 குடும்பங்களிடம் நேரடியாக நடத்திய ஆய்வில், செயலியைப் பதிவிறக்கியோரில் பலரின் முதன்மை நோக்கம் 30 டாலரைப் பெறுவதே எனத் தெரிந்தது. பதிவிறக்கியோருள் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர், அத்தொகையைச் செலவிட்ட பின் எப்பரிமாற்றமும் செய்யவில்லை. தொடர்ந்து பயன்படுத்தியோரில் வங்கிக் கணக்குள்ள, படித்த இளைஞர்களே மிகுதி. வங்கிச் சேவை கிட்டாதோருக்கே சட்டம் உதவும் என்று கூறப்பட்டிருந்தது.

பரவாமைக்கான காரணங்கள்

* விலை ஏற்ற இறக்கம்: சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் பிட்காயினின் விலை ஏறத்தாழ 52,000 டாலரில் இருந்து 43,000 டாலர் அளவுக்குச் சரிந்தது. அன்று காலை அனுப்பிய 200 டாலரைப் பிட்காயினாகவே வைத்திருந்தால், அது ஏறத்தாழ 165 டாலராகக் குறைந்திருக்கும். 12 டாலர் கட்டணத்தை மிச்சப்படுத்த முயன்ற குடும்பம் 35 டாலரை இழந்திருக்கும்.
* இரட்டை மாற்று: டாலரில் தொடங்கி டாலரில் முடியும் பணவனுப்பலில், பிட்காயின் இரு மாற்றங்களைப் புதிதாகச் சேர்க்கிறது.
* ரொக்கத் தேவை: சந்தைகளிலும் சிறு கடைகளிலும் ரொக்கமே பெரும்பாலும் புழங்குகிறது.
* திரும்பப்பெற இயலாமை: தவறான முகவரிக்குச் சென்ற பிட்காயினை மீட்க முடியாது. முகவர் நிறுவனத்தில் பணம் வழங்கப்படும் முன் பரிமாற்றத்தை நீக்கிக்கொள்ள இயலும்.

சட்டத் திருத்தம்

2024 திசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கான உடன்பாடு எட்டப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2025 சனவரியில் பிட்காயின் சட்டம் திருத்தப்பட்டது. வணிகர்கள் பிட்காயினை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. வரிகளைப் பிட்காயினில் செலுத்தும் வசதியும் நீக்கப்பட்டது. சிவோவில் அரசின் பங்கைப் படிப்படியாகக் குறைக்கவும் அரசு இணங்கியது. எனினும் விரும்புவோர் பிட்காயின் வழியாகப் பணம் அனுப்புவதற்குத் தடை இல்லை.

நிலைமதிப்பு நாணயங்கள்

டாலரின் மதிப்புடன் பிணைக்கப்பட்ட டெதர் (2014), யுஎஸ்டி காயின் (2018) போன்ற நிலைமதிப்பு நாணயங்கள் விலை ஏற்ற இறக்கச் சிக்கலைப் பெருமளவு குறைக்கின்றன. ஆனால் இவற்றிலும் கடவுச்சொல்லை இழத்தல், வெளியிடும் நிறுவனத்தின் நம்பகத்தன்மை, கையில் பணமாக மாற்றும் செலவு ஆகிய சிக்கல்கள் எஞ்சுகின்றன. எல்லை கடந்து மதிப்பை அனுப்பும் செலவு குறைந்தாலும், பெறுபவர் அதைக் கடையில் செலவிடக்கூடிய பணமாக்கும் இறுதிப் படியே முறையின் பயனைத் தீர்மானிக்கிறது என்பதை எல் சால்வடோரின் பட்டறிவு காட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

* பிட்காயின்
* பணவனுப்பல்
* எல் சால்வடோர்