நியூஸ் பேப்பர்ல சுத்தின வரலாறு

கல்முனைப் பக்கத்துக் கடைகள்ல ஒரு பாக்கெட் பேட் கேட்டுப் பாருங்க. அது முதல்ல நியூஸ் பேப்பருக்குள்ள போகும், பிறகு கறுப்பு பைக்குள்ள போகும், அதுக்குப் பிறகுதான் கைக்கு வரும். பாணை இப்படி யாரும் சுத்தித் தாறதில்ல. குழந்தைப் புள்ளைக்கு வாங்குற பெம்பர்ஸைக் கூட சுத்துறதில்ல. நோன்பு மாசத்துல, நோன்பு இல்லாத நாள்ல கூட, வாப்பாவும் தம்பிமாரும் காணாம குசினிக்குள்ள நிண்டு தண்ணி குடிச்சுப் பழகின நமக்கு இது புதுசில்லதான். ஆனாலும் வரலாறு படிக்கிறவங்க எண்ட வகையில ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: இந்த மறைப்பு எங்க இருந்து வந்தது?

"மார்க்கம் அப்படித்தான்" எண்டு பதில் சொல்றது லேசு. ஆனா ஹதீஸ் கிரந்தங்களைத் திறந்தா வேறொரு காட்சிதான் தெரியுது. அந்தக் கால மதீனாவில மாதவிடாய் வந்த பெண்ணோட ஒண்டா இருந்து சாப்பிடாத வழக்கம் சிலரிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கல்ல. தாம்பத்திய உறவு மட்டும்தான் விலக்கு, மற்ற எல்லாம் வழமை போலத்தான் எண்டாங்க. விரிப்பை எடுத்துத் தரச் சொன்னப்போ ஆயிஷா (ரலி) தயங்கினாங்க; மாதவிடாய் உன்ட கையில இல்லையே எண்ட கருத்துல பதில் வந்தது. ஹஜ் பயணத்துல மாதவிடாய் வந்து அழுதப்போ, இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதிச்சது எண்டு ஆறுதல் கிடைச்சது. இந்த விரிப்புச் செய்தியையும் ஹஜ் செய்தியையும் உலகத்துக்குச் சொன்னவங்கள்ல ஆயிஷா நாயகியே முக்கியமானவங்க. அவங்க வெட்கப்பட்டு வாய மூடல்ல. தொழுகைக்கும் நோன்புக்கும் கிடைச்ச சலுகையை, ஒளிச்சு வைக்க வேண்டிய ரகசியமா மாத்தினது சமூகம்தான்.

அந்தச் சமூகம் நம்மட மட்டுமில்ல. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1970களில அக்கரைப்பற்றில தங்கி, அங்கத்தத் தமிழரையும் முஸ்லிம்களையும் ஆராய்ஞ்சவர். பூப்பு, மாதவிடாய், பிள்ளைப்பேறு பற்றி 1982இல ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உடம்புச் சூடு, குளிர்ச்சி, இரத்தம் பற்றின நம்பிக்கைகள்ல ரெண்டு சமூகத்துக்கும் நிறையப் பொதுவா இருக்கிறதை அதுல காணலாம். அவங்க "துடக்கு" எண்டாங்க, நாங்க "முழுக்கு" எண்டோம். கோயில் வேற, பள்ளிவாசல் வேற. ஆனா பெரிய புள்ளையானவளை ஒரு மூலையில இருத்தி, பிறகு தண்ணி வார்க்கிற பழக்கம் ரெண்டு பக்கமும் இருந்தது. அப்ப இதுல பெரும் பங்கு இந்தக் கரையில நாம சேர்ந்து வாழ்ந்ததால வந்த வழக்கம். வழக்கத்தை மனிசர்தான் உண்டாக்கினாங்க, மனிசரால மாத்தவும் ஏலும்.

"படிக்காத சனத்தின்ட மூடநம்பிக்கை" எண்டு ஒதுக்கவும் ஏலாது. 1920இல வியன்னாவில பேலா ஷிக் எண்ட பெயர்பெற்ற குழந்தை வைத்தியர், மாதவிடாய் நேரத்துல பெண் தொட்ட பூ வாடுது எண்டும், அவ உடம்பில இருந்து ஒரு நஞ்சு வருது எண்டும் எழுதினார். "மெனோடொக்சின்" எண்டு அதுக்குப் பேரும் வைச்சாங்க. பல வருசம் தேடியும் அப்படி ஒரு நஞ்சு இருக்கிறதா நிரூபிக்க முடியல்ல. கோட் போட்ட வைத்தியர் சொன்னாலும் தப்பு தப்புதான்.

அதே 1920இலதான் அமெரிக்காவில கோட்டெக்ஸ் பேட் விற்பனைக்கு வந்தது. முதலாம் உலகப் போர்ல காயத்துக்குக் கட்டின மரக்கூழ்ப் பஞ்சை, தாதிமார் தங்கட மாதவிடாய்க்கும் பாவிச்சுப் பார்த்திருந்தாங்க. அதுல இருந்துதான் யோசனை பிறந்தது. ஆனா கடையில நிக்கிற ஆம்புளைக்கிட்ட அதைக் கேக்க பெண்கள் கூசினாங்க. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: பாக்கெட்டையும் ஒரு காசுப் பெட்டியையும் மேசையில வைச்சாங்க. பேசாம காசைப் போட்டுட்டு எடுத்துட்டுப் போகலாம். நம்மட கறுப்பு பைக்கு இது மூத்த ராத்தா. பொருள் புதுசாச்சு, வெட்கம் பழசாவே இருந்தது.

நம்மட கரையிலயும் மூத்தம்மாமார் பழைய சாரன் துணியைக் கிழிச்சுத்தான் பாவிச்சாங்க. துணி கெட்டதில்ல, நல்லாக் கழுவி வெயில்ல காயவைச்சா பாதுகாப்பானதுதான். ஆனா கொடியில போட்டா யாரும் கண்டுருவாங்க எண்டு வெயில் படாத இடத்துல ஒளிச்சுக் காயவைச்சாங்க. நோய்க்கு வழி விட்டது துணியில்ல, அந்த ஒளிப்பு.

2004 டிசம்பர் 26இல கடல் வந்தப்போ ஒளிக்க இடமே இல்லாமப் போச்சு. நாட்டிலயே கூடுதலா உயிர் போனது அம்பாறை மாவட்டத்துல, பத்தாயிரத்துக்கும் மேல. பள்ளிக்கூடங்கள் முகாமாச்சு. மறைவும் இல்ல, மாத்துத் துணியும் இல்ல. அரிசி, பருப்பு கேட்ட மாதிரி இதை வாய் திறந்து கேக்க எத்தனை பேரால ஏலும்? ஐ.நா. சனத்தொகை நிதியம் போன்ற அமைப்புகள் பெண்களுக்கான பொதியில நெப்கினையும் சேர்த்துத் தந்தப்போதான், இதுவும் ஒரு நிவாரணப் பொருள் எண்டு பலருக்கும் விளங்கிச்சு.

கேக்காததுக்கு விலையும் இருந்தது, உண்மையான காசு விலை. 2018 வரைக்கும் இலங்கையில இறக்குமதி நெப்கினுக்கு மொத்த வரி 101.2 சதவீதம். பொருளின்ட விலையை விட வரி கூட! பேச்சு எழும்பின பிறகு அந்த வருசம் செப்டம்பர்ல 62.6 ஆகக் குறைஞ்சது. 2019 ஜனாதிபதித் தேர்தல்ல சஜித் பிரேமதாச இலவசமாத் தருவேன் எண்டப்போ "பேட்மேன்" எண்டு கேலி பண்ணினாங்க. அவர் அந்தப் பேரைப் பெருமையா ஏத்துக்கிட்டார். 2022இல பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டப்போ, ஒரு பாக்கெட்டா ஒரு நேரச் சோறா எண்டு யோசிக்க வேண்டி வந்தது. அந்த ஒக்டோபர்ல உள்நாட்டு உற்பத்திக்கான மூலப்பொருட்களின்ட வரிகளை நீக்கினாங்க. 2024இல சுமார் 8 லட்சம் மாணவிகளுக்கு 1,200 ரூபாய் வவுச்சர் எண்டு அறிவிச்சாங்க.

வரிசையாப் பார்த்தா ஒண்டு விளங்கும். யாரோ ஒருத்தர் பகிரங்கமா அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் ஏதோ ஒண்டு மாறியிருக்கு. வாயால சொல்லாத தேவையை எந்த அரசாங்கமும் வரவுசெலவுத் திட்டத்துல எழுதுறதில்ல.

ஆனா வவுச்சரோட ஒரு புள்ளை கடைக்குப் போகணும், வாய் திறந்து கேக்கணும். பள்ளிக்கூடத்து டொய்லெட்டில தண்ணியும் மூடி போட்ட வாளியும் இருக்கணும். வயித்து வலி எண்டா என்ன வலி எண்டு வாப்பாவுக்கும் தெரியணும், தம்பிக்கும் தெரியணும். இதுக்குப் பெரிய போராட்டம் ஒண்டும் தேவையில்ல. அடுத்த முறை கடைக்காரர் பேப்பரை எடுக்கும்போது, "சுத்த வேணாம் நானா, அப்படியே தாங்க" எண்டு சொல்லுவோம்.